பாஞ்சாலங்குறிச்சி: கல்லை நம்பாத கோட்டை

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் எல்லாரும் முகப்பில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்த முகப்பு 1974ல் தமிழக அரசு கட்டியது. கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டை அதுவல்ல. நமக்கோ அரண்மனை என்றாலே 1959ல் வந்த சிவாஜி படத்தின் தர்பார்தான் கண்ணுக்குள் நிற்கும்.

அசல் கோட்டை எப்படி இருந்தது? 1801ல் அதைத் தாக்கிய படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். இரு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரு பக்கம் சுமார் 300 அடி. சுவர் ஏறக்குறைய 12 அடி உயரம். சின்னச் சின்னக் கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி. மதில் முழுக்க மண்! நல்லா இறுகிப் பிடிக்கிற மண் என்கிறார். ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசலை மிதித்தவர்களுக்கு அது புரியும். மழைக்காலத்தில் செருப்பையே பிடுங்கிக்கொள்ளும்.

'வெறும் மண்கோட்டைதானா?' என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் விரிசல் விட்டுச் சரியும். மண்சுவர் குண்டை விழுங்கிவிடும். 1805ல் வடக்கே பரத்பூர் மண்கோட்டையில் லேக் தளபதியின் நான்கு தாக்குதல்கள் தோற்றதும் இப்படித்தான்.

மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. 1799ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். ஒரு வாரத்துக்குள் மதில் மறுபடி எழுந்து நின்றது. பின்னாலேயே வந்த கும்பினிப் படை திகைத்துப்போனது. கற்கோட்டை என்றால் கல் உடைக்கவே மாதங்கள் ஆகியிருக்கும். இதற்குத் தேவைப்பட்டது மண்வெட்டியும், கூடை சுமக்க ஊர் சனமும்தான்.

மார்ச் 31ல் நடந்த பெரிய தாக்குதலும் தோற்றது. சுவரில் உடைப்பு விழுந்தும், உள்ளேயிருந்து நீண்ட ஈட்டிகள் பாய்ந்ததால் யாராலும் நுழைய முடியவில்லை. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பிறகு மே 24ல்தான் கோட்டை விழுந்தது. இந்தத் தடவை இடித்ததோடு விடவில்லை. அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது இன்றும் ஊரில் சொல்லப்படும் கதை.

பிற்காலத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது வெளிவந்த அரண்மனை அடித்தளங்கள் நினைவுக் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அடுத்த முறை போனால் போட்டோவை அங்கே எடுங்க. ஒரு வாரத்தில் மதிலை எழுப்பிய அந்தக் கூடைக்காரர்கள் ஒருவர் பேரும் நமக்குத் தெரியாது. அவர்கள் மிதித்துக் குழைத்த மண் அங்கேதான் கிடக்கிறது.