காட்டாமணக்கு எண்ணெய் போன வழி

நெய்வேலி நகரியத்தைத் தாண்டினால் வாய்க்கால் கரையிலும் ஏரிக்குள்ளும் இளஞ்சிவப்புப் பூவோடு ஒரு புதர் மண்டிக் கிடக்கும். தமிழ்நாட்டில் எங்கே முளைத்தாலும் அதற்கு நெய்வேலிக் காட்டாமணக்கு என்றுதான் பெயர். ஆனால் அது நெய்வேலிக்கும் சொந்தமில்லை, ஆமணக்குக்கும் சொந்தமில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சர்க்கரைவள்ளிக்கும் வள்ளைக்கீரைக்கும் பங்காளி. பெயரை நம்பி அதன் விதையை ஆட்டினால், அசல் காட்டாமணக்கு தரும் அளவுக்கு எண்ணெய் இறங்காது.

இந்த நெய்வேலிச் செடியை மேய்ந்து பழகிய ஆடுகள் நடுங்கி, மெலிந்து, சாகின்றன. காரணம் ஸ்வைன்சோனைன் என்ற நஞ்சு. செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் நொதியை அது முடக்கிவிடுகிறது. இந்த நஞ்சைச் செடி செய்வதில்லை, செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை செய்கிறது என்று 2013இல் தெரியவந்தது. பூஞ்சைக்கொல்லியில் நனைத்த விதையிலிருந்து வளர்ந்த செடியில் நஞ்சே இல்லை.

அசல் காட்டாமணக்கின் ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். போர்த்துகீசியக் கப்பல்கள் அதை ஆப்பிரிக்காவுக்கு அப்பால் உள்ள கேப் வெர்டே தீவுகளுக்கும், பிறகு ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் கொண்டுபோயின. தீவுகளில் விளைந்த விதை லிஸ்பனுக்குக் கப்பலேறிச் சோப்பானது. தெரு விளக்கிலும் எரிந்தது. நம் ஊரில் அது வேலிக்கு வந்தது. ஆடுமாடு வாய் வைக்காத செடியைவிட நல்ல வேலி ஏது? காம்பை ஒடித்து, வடியும் பாலில் குமிழி ஊதி விளையாடாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு.

விதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். அந்த எண்ணெயில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒலிக் அமிலம், 30 முதல் 35 சதவீதம் லினோலிக் அமிலம், மீதியில் பெரும்பகுதி பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும். குடும்பத்து அண்ணனான ஆமணக்கு இதில் முற்றிலும் வேறு. விளக்கெண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம் மட்டுமே. அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் விளக்கெண்ணெய் அவ்வளவு கெட்டி. காட்டாமணக்கு எண்ணெயில் அந்தப் பிடிப்பு இல்லை. அமிலக் கணக்கை மட்டும் பார்த்தால் சமையலெண்ணெய் என்றே எண்ணத் தோன்றும்.

சமைத்தால் ஆபத்து. ஃபோர்பால் எஸ்டர் என்ற நஞ்சு எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்து நிற்கிறது. வறுத்தாலும் காய்ச்சினாலும் எளிதில் போகாது. கர்சின் என்ற நச்சுப் புரதமோ புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. ஆக எண்ணெயும் உதவாது, புண்ணாக்கும் மாட்டுக்கு உதவாது. நெய்வேலிச் செடியின் கதை தலைகீழ்: ஸ்வைன்சோனைன் தண்ணீரில் கரைவது, எண்ணெய்ப் பக்கம் போகாது. மெக்சிகோவில் மட்டும் விதையை வறுத்துத் தின்கிறார்கள். நஞ்சில்லாத ரகங்கள் அங்கே உண்டு. கடல் தாண்டி நமக்கு வந்து சேர்ந்ததோ நச்சு வகை!

எஞ்சினுக்கு நஞ்சைப் பற்றிக் கவலையில்லை. அங்கே தொல்லை பிசுபிசுப்புதான்: டீசலைவிடப் பத்து மடங்கு வரை. மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பது டீசல்போல ஓடும். பழைய விதையாக இருந்தால் எண்ணெயில் தனி அமிலம் ஏறியிருக்கும். காரம் அதைச் சோப்பாக்கிவிடும். லிஸ்பனுக்கு வேண்டியிருந்த சோப்பு இங்கே தலைவலி.

2003 ஏப்ரலில் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கைத் தேசத் திட்டமாக்கப் பரிந்துரைத்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம் என்றார்கள். தமிழ்நாட்டு விவசாயிகள் நம்பி நட்டார்கள். தண்ணீர் இல்லாமல் செடி பிழைத்தது உண்மை, காய்க்கத்தான் இல்லை. ஒரு கொத்தில் ஆண் பூ ஏராளம், பெண் பூ கொஞ்சம். காயும் ஒரே நேரத்தில் பழுக்காது. ஆள் விட்டுத் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். கடலை போட்டவர் புண்ணாக்கிலாவது காசு பார்ப்பார், இவருக்கு அதுவும் இல்லை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, சொன்ன விளைச்சலில் மிகச் சிறு பங்குதான் கிடைக்கிறது, சாகுபடி கட்டுப்படியாகாது என்று சொன்னது. வேலிச் செடியை வயலுக்கு இழுத்து வந்தவர்கள் ரகம் தேறும் வரை பொறுக்கவில்லை. நட்டத்தைச் சுமந்தவர்கள் சம்சாரிகள்.

எண்ணெய் வானத்துக்கும் போனது. 2008 டிசம்பர் 30 அன்று ஏர் நியூசிலாந்தின் 747 விமானம் ஓர் எஞ்சினில் பாதிக்குப் பாதி காட்டாமணக்கு எரிபொருளோடு பறந்தது. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் இதே எரிபொருள் கலந்து பறந்தபோது விதை தந்தவர்கள் சத்தீஸ்கர் விவசாயிகள். விமானத்துக்கு மெத்தனால் வித்தை போதாது. ஹைட்ரஜனைச் செலுத்தி எண்ணெயிலுள்ள ஆக்சிஜனை நீக்கி, மண்ணெண்ணெய்போல மாற்றினார்கள்.

அதே 2018இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, பயோடீசலுக்கான மூலப்பொருள் வரிசையில் பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் சேர்த்தது. பஜ்ஜிக் கடை வாணலியில் கறுத்துப்போகும் எண்ணெய்க்கு நடவும் வேண்டாம், பறிப்புக் கூலியும் வேண்டாம்.