உழைத்த பேஸுக்கு விலை குறைவு

1963இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனிலுள்ள ஃபெண்டர் ஆலையிலிருந்து ஒரு பிரிசிஷன் பேஸ் கிட்டார் கிளம்பிச் சிங்கப்பூரின் செம்பவாங் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். வேலைக்குப் பஞ்சம் இருந்திருக்காது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்துவிட்டுப் போனபின் சிங்கப்பூரில் கிட்டார் குழுக்கள் பெருகின. பிரிட்டிஷ் படைமுகாம்களின் மன்றங்கள் அவற்றுக்குச் சோறு போட்டன. செம்பவாங்கில் இருந்ததோ கடற்படைத் தளம்.

இரவெல்லாம் உழைக்கும் பேஸ் வந்த மாதிரியே இருக்காது. ஃப்ரெட் தேய்ந்தால் மாற்றுவார்கள். ஈரக்காற்றில் திருகாணி துருப்பிடிக்கும். பிக்கப்பின் மெல்லிய கம்பி அறுந்தால் புதிதாகச் சுற்றுவார்கள். வண்ணம் உரிந்தால் கையில் கிடைத்த வண்ணத்தை அடிப்பார்கள். 1968 டிசம்பரில் கடற்படையின் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆயிற்று. 1971இல் படையும் கிளம்பியது. கேட்க வந்த கூட்டம் கரைந்ததும் கருவிகள் கைமாறின, சில கட்டிலடிக்குப் போயின.

இதற்கிடையே 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி அமெரிக்க டாலருக்கு ஃபெண்டரை வாங்கியிருந்தது. பிறகு தரம் இறங்கியதாகப் பேச்சு பரவ, அதற்கு முந்தைய கருவிகளுக்குக் கிராக்கி ஏறியது.

இன்று அந்த பேஸ் வியாபாரியின் மேசைக்கு வந்தால் முதலில் கழுத்தைக் கழற்றுவார். கழுத்தின் அடியில் தேதி முத்திரை இருக்கும். அது 5 என்று தொடங்கினால் பிரிசிஷன், 7 என்றால் ஜாஸ் பேஸ். பிறகு ஒலிக்குமிழ்களின் முதுகில் உள்ள எண்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ் தயாரிப்பு, அடுத்து வருபவை ஆண்டும் வாரமும். ஆலையில் வைத்த ஈயப்பற்று கலையாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார். மறுவண்ணம் அடித்திருந்தால் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகும்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சிங்கப்பூரில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும். அக்காலத்து விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் ஈட்டிமரம். 1992 முதல் அந்த மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டு விலையை மட்டும் பார்த்து உள்ளூர்க் கடைக்காரரோடு பேரம் பேசினால் கணக்கு உதைக்கும்.

கட்டிலடியில் தூங்கிய பேஸுக்குச் சேகரிப்பாளர் அள்ளிக் கொடுப்பார். மன்றம் மன்றமாக உழைத்தது தள்ளுபடியில் போகும். வாசிக்க வாங்குபவருக்கு இதுதான் வாய்ப்பு. புது ஃப்ரெட்டும் சுற்றிய பிக்கப்பும் அவருக்குக் குறையே இல்லை. அவர் பார்க்க வேண்டியது கழுத்து நேராக இருக்கிறதா, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை இன்னும் முறுக்க இடமிருக்கிறதா என்பதைத்தான். அக்கால ஃபெண்டரில் அந்தக் கம்பியை முறுக்கும் திருகும் கழுத்தின் அடியில்தான். தேதி பார்க்கக் கழுத்தைக் கழற்றும்போதே அதையும் காட்டச் சொல்ல வேண்டும். கழற்ற மறுக்கும் கடையில் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை.