மிக்ஸியின் தம்பி

உங்கள் வீட்டு மிக்ஸிக்கு அமெரிக்காவில் ஒரு தம்பி உண்டு என்றால் நம்புவீர்களா? ஆள் ரொம்பச் சின்னவன். ஒரு கைக்குள் அடங்கிவிடுவான். ஆனால் குரல் மட்டும் அண்ணனை உரித்து வைத்த அதே 'விர்ர்'! மாடல் விமானம், மாடல் கப்பல் செய்கிறவர்கள் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் அறுக்க, தேய்க்க, துளை போட வைத்திருக்கிறார்களே, அந்த 'ரோட்டரி டூல்'தான் இந்தத் தம்பி.

'நானும் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். சம்பந்தம் பேசும்போது முதலில் குடும்பத்தை விசாரிப்பதில்லையா? இங்கேயும் அப்படித்தான்.

குடும்பம் மிகப் பழையது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பலுசிஸ்தானின் மெஹர்கர் என்ற இடத்தில் கிடைத்த பதினொரு பற்களைப் பற்றி 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அத்தனையிலும் சுத்தமாகத் துளை! வயது 7,500 முதல் 9,000 ஆண்டுகள். கருவி? கூரான கல்முனை. அதை வில்லும் நாணும் கொண்டு சுழற்றியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. நம்ம ஊர்த் தச்சர் கயிறு சுற்றி இழுத்த துறப்பணத்தின் கொள்ளுத் தாத்தா என்று வையுங்களேன்.

அப்புறம் பல ஆயிரம் வருடங்கள் பெரிய மாற்றமில்லை. அடுத்த பெரிய தாவலும் பல் டாக்டர்களால்தான் வந்தது. 1871-ல் ஜேம்ஸ் மாரிசன் என்ற அமெரிக்கர், தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்துச் சுழற்றும் டிரில்லுக்குப் பேட்டண்ட் வாங்கினார். நாலே வருடத்தில், 1875-ல், ஜார்ஜ் கிரீன் என்பவர் மின்சார டிரில்லுக்கு வாங்கிவிட்டார். ஆனால் சாதாரண மனிதன் தன் வீட்டு மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் மோட்டார் சின்னதாக வேண்டும், மலிவாகவும் வேண்டும். அது எங்கே கிடைத்தது?

ரஸீன் என்ற ஊரில். சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில், விஸ்கான்ஸின் மாநிலத்தில் இருக்கிறது. அந்த ஊரைத் தெரியாது என்பீர்கள். அந்த ஊர்ச் சரக்கை நிச்சயம் குடித்திருப்பீர்கள். ஹார்லிக்ஸ்! இங்கிலாந்திலிருந்து போன வில்லியம், ஜேம்ஸ் என்ற ஹார்லிக் சகோதரர்கள் அதைத் தயாரித்துப் பெயர் வாங்கியது ரஸீனில்தான்.

மால்ட் பவுடரைப் பாலில் கட்டியில்லாமல் கலக்க என்ன வழி? வேகமாகக் கடைய வேண்டும். 1910-ல் அதே ஊரில் ஃபிரெடரிக் ஓஸியஸ் என்பவர் ஹாமில்டன் பீச் கம்பெனியைத் தொடங்கினார். தன் பெயர் பிடிக்காததால் கூட்டாளிகள் ஹாமில்டன், பீச் இருவரின் பெயரையும் தலைக்கு ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் சின்ன 'யூனிவர்சல்' மோட்டார்தான் அவர்களுடைய மூலதனம். 1922-ல் ஸ்டீஃபன் பாப்லாவ்ஸ்கி, ஜாரின் அடியில் பிளேடு சுழலும் இயந்திரத்தை உருவாக்கினார். மிக்ஸி ஜாதகம் அங்கேதான் எழுதப்பட்டது. அவரும் ரஸீன்காரர்தான்!

இப்படி மோட்டார் தெரிந்த ஊரில், ஆஸ்திரியாவில் பிறந்த ஆல்பர்ட் டிரெமெல் 1932-ல் தன் கம்பெனியைத் தொடங்கினார். வருடத்தைக் கவனியுங்கள். பெரும் பொருளாதார வீழ்ச்சி. அடுத்த வருடமே அமெரிக்காவில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. பி.காம். படித்த யாரும் 'இப்போது கம்பெனி ஆரம்பிக்காதே' என்றுதான் சொல்லியிருப்பார்கள். டிரெமெல் 1935-ல் 'மோட்டோ டூல்' என்று கையடக்கக் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

விற்றதா? விற்றது. வேலை போனவனுக்குக் கையில் காசில்லை, நேரம் நிறைய இருந்தது. 1927-ல் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்ததிலிருந்து பையன்களுக்கு மாடல் விமானப் பைத்தியம் வேறு. பால்ஸா கட்டையும் பசையும் இருந்தால் போதும். ஆலை கதவைச் சாத்தினாலும், 'என் கை இன்னும் ஒன்றைச் செய்யும்' என்று காட்டிக்கொள்ள மனிதனுக்கு ஏதாவது வேண்டும் அல்லவா? பொழுதுபோக்கு என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வருடங்களில் அது மானப் பிரச்னை.

1993-ல் டிரெமெல் கம்பெனியை ஜெர்மனியின் பாஷ் வாங்கியது. பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். குடும்ப குணம் தெரிந்துவிட்டதால் இனி சுலபம். இந்த மோட்டாரின் பலம் வேகம்தான், முரட்டு இழுவை அல்ல. அழுத்தினால் திணறும், சூடாகும். மிக்ஸியில் கெட்டிமாவு சிக்கினால் வாடை வருமே, அதே கதை. எனவே 'அதிகபட்சம் 35,000 சுற்று' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். குறைந்தபட்சம் எத்தனை என்று கேளுங்கள். மாடல் கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். 10,000 சுற்றுக்குக் கீழே இறங்காத கருவி அதை அறுக்காது, உருக்கும். 5,000 வரை இறங்கினால் நல்லது. இன்னும் குறைந்தால் ரொம்ப நல்லது.

மரம், உலோகம் என்றால் கரண்ட்டில் ஓடும் பெரியதை வாங்கலாம். வெறும் பிளாஸ்டிக்தான் என்றால் பேட்டரியில் ஓடும் சின்னதே போதும். விலையும் குறைவு. மணிக்கணக்கில் வேலை செய்பவர்கள், மோட்டாரைத் தொங்கவிட்டு வளையும் ஷாஃப்ட்டில் பிடிக்கும் வகையைப் பார்க்கலாம். கை வலிக்காது. அரை மில்லிமீட்டர் துளைக்கு மோட்டாரே வேண்டாம். 'பின் வைஸ்' என்ற கைத்துளைப்பான் போதும்.

முனையை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். 2.35 மில்லிமீட்டர் தண்டையும் பிடிக்குமா என்று கேளுங்கள். பல் டாக்டரின் கைக்கருவி முனைகளின் அளவு அது. நுண்ணிய வேலைக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை. பழைய சொந்தம் விட்டுப்போகவில்லை, பாருங்கள்!

கண்ணாடியும் மாஸ்க்கும் மறக்காதீர்கள். வெட்டுச் சக்கரம் உடைந்தால் முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கிட்டைத் தொடாதீர்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்பூனில் ஓட்டிப் பாருங்கள். விளிம்பு உருகித் திரண்டால் வேகத்தைக் குறையுங்கள், விட்டு விட்டு ஓட்டுங்கள். சட்னி அரைக்கும்போது அண்ணனிடம் அப்படித்தானே நடந்துகொள்கிறீர்கள்?