யாபா

தாய்லாந்து மொழியில் ‘யா’ என்றால் மருந்து, ‘பா’ என்றால் பைத்தியம். யாபா என்பது மெத்தாம்பெட்டமினும் காஃபீனும் கலந்த சிறு மாத்திரை. பெரும்பாலும் செந்நிறத்தில் இருக்கும்.

முன்பு இதன் பெயர் ‘யா மா’, குதிரை மருந்து. (பழந்தமிழிலும் ‘மா’ குதிரையைக் குறிக்கும். ஒலி ஒத்திருக்கிறது; அதற்கு மேல் உறவு கற்பிக்க வேண்டாம்.) இரவெல்லாம் லாரி ஓட்டியவர்கள் குதிரை போல உழைக்க இதை விழுங்கினார்கள். பெயரிலேயே ஒரு கவர்ச்சி இருந்தது. அதை உடைக்கத்தான் 1996இல் தாய்லாந்து அரசு ‘யாபா’ என்று மாற்றியது. நல்ல காரியம் செய்தார்கள்.

புதுப் பெயரில் பொய்யில்லை. மூளையில் டோபமைன் பெருக்கெடுக்கும். பசியும் தூக்கமும் போய்விடும், நெஞ்சு படபடக்கும், உடல் சூடேறும். நெரிசலான கூடத்தில் விடிய விடிய ஆடுகிறவருக்கு அந்தச் சூடே எமன். நாள்கணக்கில் விழித்திருந்தால் யாரோ துரத்துவதாகத் தோன்றும், இல்லாத குரல் கேட்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது விடுவதில்லை.

இதை விழுங்கியவர் உடல் கொதிக்கச் சுருண்டு விழுந்தால், வழக்குக்குப் பயந்து மறைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.