கடனாளிக்குத் தேவை துணையும் கணக்கும்

கடன்பட்டவர் அதனை வெளியே சொல்வதற்கு வெட்கப்படுவது எமது சமூகத்தின் வழக்கமாகும். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் கணவனும் கடன்படுகின்றனர். பழைய கடனை அடைப்பதற்குப் புதிய கடன் பெறப்படுகின்றது. விடயம் வெளியே வரும்போது அடகு வைப்பதற்கு நகையோ ஈடு வைப்பதற்குக் காணியோ எஞ்சியிருப்பதில்லை. கடன்பட்டவரின் இந்த மௌனமே கடன் கொடுத்தவரின் பெரும் பலமாக அமைந்து விடுகின்றது. இம்மௌனத்தைக் கலைத்து, கடனாளியையும் அவரது கணக்கையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் முயற்சியையே உலகின் பல நாடுகளில் கடன் ஆலோசனைச் சேவை என்று அழைக்கின்றனர். எமது மக்களுக்கு இச்சேவை எந்தளவுக்கு அவசியம் என்பதை இங்கு ஆராய்வது பொருத்தமானதென நாம் கருதுகின்றோம்.

கடன் என்றதும் ஆடம்பரமே அதற்குக் காரணம் என்று தீர்ப்பளித்து விடுவோர் எம்மத்தியில் பலர் உள்ளனர். வடக்கு, கிழக்கின் அனுபவம் அதற்கு மாறானதாகும். 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் நிதிக் கம்பனிகளின் கிளைகள் இப்பிரதேசங்களில் வேகமாகப் பெருகின. வாழ்வாதாரத்தை இழந்து மீளக்குடியேறிய குடும்பங்களின் வாசலுக்கே குழுக்கடன் வந்து சேர்ந்தது. ஒருவர் தவணை தவறினால் குழுவின் ஏனைய பெண்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனை, அயலவரையே அறவிடுபவராக மாற்றியது. தவணை அறவிட வருவோரின் கெடுபிடிகளினால் பெண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்திருக்க நேர்ந்ததையும், சிலர் தமது உயிரையே மாய்த்துக்கொண்டதையும் எவரும் மறந்திருக்க முடியாது.

அரசாங்கமும் முற்றாகப் பாராமுகமாக இருந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. 2018 ஆம் ஆண்டில் வறட்சியினால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், நிதிக் கம்பனிகளிடம் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்கப்பட்டது. தனது ஒழுங்குபடுத்தலுக்கு உட்பட்ட நிறுவனங்களின் நுண்கடன்களுக்கு 35 சதவீத வட்டி உச்சவரம்பை மத்திய வங்கி அக்காலத்திலேயே கொண்டுவந்தது. எனினும், நான்கு இடங்களில் கடன்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு கடன் நீங்கினாலும் ஏனைய மூன்றும் எஞ்சியே நின்றன. 2021 மார்ச்சில் பொலனறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடவில் நுண்கடனுக்கு எதிராகச் சிங்களப் பெண்கள் தொடர் சத்தியாக்கிரகத்தில் இறங்கியமை, இது ஓர் இனத்திற்கோ பிரதேசத்திற்கோ மட்டும் உரிய துயரமல்ல என்பதை உணர்த்தியது. 2022 இன் பொருளாதார நெருக்கடி நிலைமையை மேலும் மோசமாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தபோது, மாதச் சம்பளம் பெறுவோரும் அன்றாடச் செலவுக்காகவே கடன்படும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

இந்நிலையில் கடன் ஆலோசகர் ஒருவரால் என்ன செய்ய முடியும்? அவர் கடனை அடைத்து விடுவதில்லை. புதிய கடன் கொடுப்பதுமில்லை. அவரது முதல் வேலை, கடனாளி பட்ட கடன்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுத வைப்பதாகும். வங்கிக் கடன், லீசிங், கடன் அட்டை, நகை அடகு, சீட்டு, கைமாற்று, மீற்றர் வட்டி என எதுவும் விடுபடக் கூடாது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்திடமிருந்து ஒருவர் தமது கடன் அறிக்கையைப் பெற்று, பதிவிலுள்ள கடன்களைச் சரிபார்த்துக் கொள்ளலாம். ஊர் வட்டிக்காரரின் கடன் அதில் இடம்பெறாது என்பதால் கடனாளி மனந்திறந்து பேசுவது இன்றியமையாததாகும்.

அடுத்ததாக, வட்டியின் உண்மை உருவத்தை ஆலோசகர் விளக்குகின்றார். உதாரணமாக, 50,000 ரூபாவை 24 சதவீத வட்டிக்கு ஒரு வருடக் கடனாகப் பெற்று, முதலும் வட்டியுமாக 62,000 ரூபாவை 52 வாரத் தவணைகளில் செலுத்துவதாகக் கொள்வோம். ஒரு தவணை ஏறத்தாழ 1,192 ரூபாவாகும். ஒவ்வொரு வாரமும் முதலின் ஒரு பகுதி திரும்பச் செலுத்தப்பட்டு விடுவதால், வருடம் முழுவதும் 50,000 ரூபா கடனாளியின் கையில் இருப்பதில்லை. குறைந்து செல்லும் நிலுவையின் மீது கணக்கிட்டால், 24 சதவீதம் எனக் கூறப்பட்ட வட்டி உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 சதவீதமாகும். இந்த எளிய கணக்கைக் கையொப்பமிடுவதற்கு முன்னர் எத்தனை பேருக்கு எவர் சொல்லிக் கொடுத்திருக்கின்றனர்?

அதன் பின்னர் குடும்பத்தின் வருமானமும் செலவும் பதியப்படுகின்றன. உணவு, மருந்து, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றுக்குரியதை முதலில் ஒதுக்கி, எஞ்சுவதை எந்தக் கடனுக்கு முதலில் செலுத்துவது என முடிவு செய்யப்படுகின்றது. இறுதியாக, தவணைக் காலத்தை நீடிக்கவும் தண்டவட்டியைத் தள்ளுபடி செய்யவும் கோரிக் கடன் கொடுத்தோருடன் ஆலோசகர் பேசுகின்றார். தனித்து நிற்கும் கடனாளியை அதட்டும் நிறுவனம், கணக்கோடு வரும் ஆலோசகரிடம் பேச முன்வருகின்றது. வராக் கடனாக எழுதி விடுவதிலும் பார்க்கத் தாமதமாகவேனும் பணம் கிடைப்பது நிறுவனத்துக்கும் இலாபமே.

மலேசியாவில் அந்நாட்டு மத்திய வங்கியே 2006 ஆம் ஆண்டில் கடன் ஆலோசனை, முகாமைத்துவ நிறுவனம் ஒன்றை அமைத்து, இச்சேவையை இலவசமாக வழங்கச் செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் முதல், தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரின் ஊடாக விண்ணப்பிக்கும் கடனாளிக்கு 60 நாள் ஆறுதற் காலம் சட்டப்படி வழங்கப்படுகின்றது. அக்காலத்தில் பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் அறவீட்டு நடவடிக்கைகளும் நிறுத்தி வைக்கப்படும். ஆலோசகரின் சொல்லுக்குச் சட்டம் வலுவூட்டும் இந்த ஏற்பாடு எமது சட்டவாக்குநர்களின் கவனத்துக்குரியதாகும்.

அதேவேளை, அமெரிக்காவின் அனுபவம் எச்சரிக்கையாகவும் அமைகின்றது. 1951 இலேயே கடன் ஆலோசனைக்கான தேசிய அமைப்பைக் கண்ட அந்நாட்டில், இலாப நோக்கற்றவை எனக் கூறிக்கொண்ட சில நிறுவனங்கள் பிற்காலத்தில் கடனாளிகளிடமே மறைமுகக் கட்டணங்களை அறவிட்டன. 2003 ஆம் ஆண்டில் அமெரிடெப்ற் என்ற நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. கடன் கொடுத்தவரின் பணத்தில் இயங்கும் ஆலோசகர் யாருடைய நலனைப் பேணுவார் என்ற கேள்வியும் அங்கு நீண்ட காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. ஆலோசனை என்ற பெயரில் இன்னொரு சுரண்டல் இங்கு முளைத்து விடாதிருக்க வேண்டுமாயின், அச்சேவை இலவசமானதாகவும் கடன் நிறுவனங்களில் தங்கியிராததாகவும் இருத்தல் வேண்டும்.

கடன் ஆலோசனை சகல நோய்க்கும் மருந்தல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உணவுக்கே போதாத வருமானமுள்ள குடும்பத்துக்கு எத்தனை நேர்த்தியான தவணைத் திட்டமும் பயனளிக்காது. அங்கு கடன் தள்ளுபடியும் வாழ்வாதார உதவியுமே தீர்வாகும். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புகளைப் பெறும் கம்பனிகளையே பிரதானமாக நோக்கியதால், வெறுமனே கடன் கொடுப்போர் பலர் அதன் பிடிக்கு வெளியே நின்றனர். கடன் கொடுப்போரைக் கட்டுப்படுத்தாமல் கடன்படுவோருக்கு மாத்திரம் சிக்கனம் போதிப்பது நீதியாகாது.

இங்கு வங்கித்துறை சார்ந்த கடன் ஆலோசனை முயற்சிகள் தோன்றாமலில்லை. ஆனால், முல்லைத்தீவின் ஒரு கிராமத்துப் பெண் கொழும்புக்குச் சென்று ஆலோசனை பெறுவாள் என எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தமிழில் உரையாடக்கூடிய, பயிற்றப்பட்ட ஆலோசகர் ஒருவரேனும், இயன்றவரை பெண்ணொருவர், நியமிக்கப்பட வேண்டும். சொல்லப்படும் விடயங்களின் இரகசியம் காக்கப்பட வேண்டும். நீண்ட பாரம்பரியம் கொண்ட எமது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள், குறைந்த வட்டிக் கடனுடன் இந்த ஆலோசனைப் பணியையும் ஏற்க முன்வர வேண்டும். பல்கலைக்கழகங்களின் வர்த்தக, முகாமைத்துவ பீட மாணவர்களை இதில் ஈடுபடுத்துவதும் பயனுள்ளதாகும்.

அதுவரையில் எமது வாசகர்கள் சிலவற்றைத் தாமாகவே கடைப்பிடிக்கலாம். விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம். மொத்தமாக எவ்வளவு திரும்பச் செலுத்த வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் பேணி வையுங்கள். முகத்தாட்சண்யத்துக்காகப் பிணை நிற்க வேண்டாம். தவணை தவறும் எனத் தெரிந்தால், தவறுவதற்கு முன்னரே நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிறுவனம் முறைகேடாக நடந்துகொண்டால், முதலில் அந்நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிட்டாவிடில் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்தை நாடுங்கள்.

கடன்படுவது குற்றமல்ல, அதனை மறைத்துத் தனியே சுமப்பதுதான் குடும்பங்களைச் சிதைக்கின்றது. கடனாளியை ஏளனம் செய்வதை நாம் அனைவரும் நிறுத்துவோமாயின், அவர் தமது கணக்கை எவரிடமேனும் திறந்து காட்டும் துணிவைப் பெறுவார். அத்துணிவுக்கு முகங்கொடுக்கத் தக்க ஓர் அலுவலகத்தையும் பொறுமையாகச் செவிமடுக்கும் ஓர் அலுவலரையும் ஊர்தோறும் ஏற்படுத்துவது அரசினதும் மாகாண நிர்வாகங்களினதும் கடமையாகும். இன்னுமொரு உயிர் பலியான பின்னர் அனுதாபம் தெரிவிப்பதற்காக அக்கடமையைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே எமது வேண்டுகோளாகும்.