காத்திருப்புக்கு ஒரு குறி

அடுக்குமாடி எழுப்புவோர் ஒரே வேலையைத் தளந்தோறும் மீண்டும் செய்கின்றனர். 1957-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் டியூபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தார் உருவாக்கிய ‘முக்கியப் பாதை முறை’, வேலைகளை அம்புகளால் இணைத்து வரிசைப்படுத்தியது. அவ்வலைப்படத்தில் புறப்பட்ட இடத்திற்கு அம்பு திரும்புதல் ஆகாது. காங்கிரீட் லாரியோ நாள்தோறும் பன்முறை திரும்பி வருவது.

1973-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹால்பின், தம் முனைவர் பட்ட ஆய்வில், ‘சைக்ளோன்’ என்னும் குறிமுறையை வகுத்தார். அதில் வேலைக்குச் சதுரம், காத்திருப்புக்கு வட்டம், அம்புகள் சுழன்று வரலாம். ஒவ்வொரு சுற்றிலும் வேலைநேரம் கூடியும் குறைந்தும் அமையுமாறு கணினி அச்சுழற்சியை நடத்திப் பார்க்கும். இதுவே கணினிப் பாவனை.

நான்கு லாரிகள் போதும் எனச் சராசரிக் கணக்கு சொல்லக்கூடும். ஆயினும், லாரிகள் ஒருங்கே வந்தால் வரிசை நீளும். வாராதபோது பாரந்தூக்கி வெறுமனே நிற்கும். அவ்விழப்பைக் களத்தில் இறங்குமுன்னரே பாவனை காட்டிவிடும். தளத்திற்கு இத்தனை நாள் என்னும் அட்டவணையும் அதற்கேற்பத் திருந்தும்.

மொழியியலார் கருதத்தக்கது அவ்வட்டமே. காத்திருப்பு கட்டுமானக் களத்தில் என்றும் இருந்தது. அதற்கெனக் குறியொன்று பிறந்த பின்னரே, அது திட்டத்தில் எழுதப்படும் பொருளாயிற்று.