பனிக்கட்டி புறப்பட்ட நாள்



பொத்னியாக் குடாவின் வட முனையிலே, டோர்னே என்னும் பேராறு கடலோடு கலக்கும் இடத்தில், டோர்னியோ என்றொரு சிறு பட்டினம் உண்டு. இன்று அது பின்லாந்துக்கு உரியது. 1693 ஆம் ஆண்டிலோ சுவீடன் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவ்வாண்டு வசந்தத்தில், ஆற்றை மூடியிருந்த பனிக்கட்டி எந்த நாளில் உடைந்து நகர்ந்தது என்பதை ஓலோப் ஆல்போம் என்ற வணிகர் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டும் எழுதினார். அவர் தொடங்கிய அந்தப் பதிவு கைமாறிக் கைமாறி இன்றுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆல்போம் விஞ்ஞானி அல்லர். ஆறுதான் அவருக்குப் பெருந்தெரு. மாரியில் அதன்மேல் சறுக்கு வண்டிகள் ஓடும். கோடையில் படகு ஓடும், மீனும் கிடைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் வண்டியும் போகாது, படகும் போகாது. 'வழி முறிந்த காலம்' என்று பொருள்படும்படி பின்லாந்து மக்கள் அதற்குக் 'கெலிரிக்கோ' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆற்றின் பனிக்கட்டி உருகிற்று என்பதை விட, 'புறப்பட்டது' என்பதே அவர்களது வழக்கு. பொருத்தமான சொல்தான். மே மாதத்தில் ஒரு நாள் அது பெருஞ் சத்தத்தோடு முறிந்து, பாளம் பாளமாகக் கடலை நோக்கி நகரும். சில ஆண்டுகளில் வளைவுகளிலே அடைபட்டு அணைபோல் நின்று, வெள்ளத்தை ஊருக்குள் திருப்பி விடுவதும் உண்டு.

வணிகரின் குறிப்பேட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. சுவீடனும் ருஷ்யாவும் மோதிய வடபுலப் பெரும் போரிலே ருஷ்யப் படைகள் வந்தபோது, 1715 இல் ஆல்போம் ஊரைவிட்டு ஓடினார். 1721 இல் போர் முடிந்தது. திரும்பி வந்த மனிதர் விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார். ஊரிழந்து ஓடித் திரும்பியவர் முதல் வேலைகளுள் ஒன்றாக ஆற்றைப் பார்க்கப் போனார் என்பது என் மனதை விட்டு நீங்காத செய்தி.

அவரது தேதிகளை வாசிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவீடன் 1700 ஆம் ஆண்டில் நாட்காட்டியைத் திருத்தப் புறப்பட்டு, பாதியில் மனம் மாறி, பழைய கணக்குக்குத் திரும்புவதற்காக 1712 இல் பெப்ரவரி மாதத்துக்கு 30 நாள் கொடுத்தது! இன்றைய கணக்குக்கு வந்தது 1753 இல்தான். இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னரே பழைய தேதிகளை நமது தேதிகளோடு ஒப்பிடலாம்.

இதே ஆற்றின் பனிக்கட்டி மீதுதான் 1736 டிசம்பரில் பூமியையே அளந்தார்கள். பூமி துருவங்களில் தட்டையானதா, நீண்டதா என்ற வழக்கைத் தீர்க்கப் பிரான்சிலிருந்து மோப்பர்துயி வந்திருந்தார். கூடவே சுவீடன் நாட்டு அண்டர்ஸ் செல்சியசும் வந்தார். நமது வெப்பமானிக்குப் பெயர் கொடுத்தவர் அவரே. காடும் குன்றுமான அந்நாட்டில் நேரான சமதளம் உறைந்த ஆறு ஒன்றுதான். 14 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அடிக்கோட்டை இரு குழுக்கள் மரக்கோல்களால் தனித்தனியே அளந்தன. வித்தியாசம் நான்கு அங்குலம் மட்டுமே. பூமி துருவங்களில் தட்டையானது என்ற நியூட்டனின் பக்கமே தீர்ப்பாயிற்று.

பனிக்கட்டி புறப்படத் தாமதித்தால் என்ன நேரும்? 1867 மே மாதத்தில் ஹெல்சிங்கியின் சராசரி வெப்பநிலை 2 பாகை செல்சியசுக்கும் குறைவாக இருந்தது. ஏரிகள் ஜூனில்தான் திறந்தன. விதைப்பு பிந்தியது. செப்டெம்பர் தொடக்கத்திலேயே உறைபனி விழுந்து விளைச்சலைக் கருக்கியது. பைன் மரத்தின் உட்பட்டையை அரைத்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள். அந்தப் பஞ்சத்திலும் அதனோடு வந்த நோயிலும் சனத்தொகையில் ஏறத்தாழ எட்டு வீதத்தினர் மாண்டனர்.

இன்றும் அங்கே பனிக்கட்டியைப் படிக்கத் தெரியாமல் வாழ்தல் அரிது. உறுதியான புதுப் பனிக்கட்டி 5 சென்ரிமீற்றர் தடித்திருந்தால் ஓர் ஆளைத் தாங்கும் என்பார்கள். ஆனால் வசந்தகாலப் பனிக்கட்டியின் தடிப்பை நம்பக்கூடாது. வெயில் பட்டு உள்ளே செங்குத்தான ஊசிகளாகப் பிரிந்து, தடிப்பாய் இருக்கும்போதே அது நொறுங்கி விடும். ஆகவே கழுத்தில் இரண்டு குத்தூசிகளைக் கோத்துத் தொங்கவிட்டபடி நடப்பார்கள். விழுந்தால் அவற்றைப் பனிக்கட்டியிலே குத்தி, உடலை இழுத்து மேலேறலாம்.

ஆல்போமின் குறிப்பேடு 2016 இல் மறுபடி பேசப்பட்டது. ஆய்வாளர் சிலர் அதனை, ஜப்பானின் சுவா ஏரி உறையும் நாளை 1443 முதல் ஷிண்டோ குருமார் எழுதிவந்த ஏடுகளோடு சேர்த்து ஆராய்ந்தனர். டோர்னே ஆற்றின் பனிக்கட்டி ஆல்போமின் காலத்திலிருந்தே சிறிது சிறிதாக முந்திப் புறப்பட்டு வந்திருக்கிறது. கைத்தொழிற் புரட்சிக்குப் பின் அந்த வேகம் இரு மடங்காயிற்று. ஆல்போம் கண்ட நாட்களை விட இப்போது பனிக்கட்டி ஒரு வாரத்துக்கும் அதிகமாக முந்திப் புறப்படுகிறது.